நத்தை அட்டை

எனக்கு வாய் நீளம். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. கோபமும் மூக்கு நுனியில்தான் நிற்கும். பால் போடுகிறவர் முதல் பள்ளி வேன் ஓட்டுநர் வரை எங்கள் தெருவில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒன்பது வருடங்களில் ஒரு வார்த்தையைக்கூட வெளியே கொண்டுவந்ததில்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அப்படியானால் இதை மட்டும் எப்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரே எழுதச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தேதியும் போடச் சொல்லி வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மனநல ஆலோசனை நிலையம் ஒன்றின் வரவேற்பு மேசைதான் என் இடம். மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் மருந்துக் கடை, இரண்டாவது மாடியில் தையல் வகுப்பு. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் படியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், தையல் வகுப்பில் இடம் கேட்க வந்ததாகச் சொல்லிவிடுவார்கள். முறுக்கு மீசை வைத்த ஒருவர் ஆறு மாதம் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் தையல் டீச்சர் இரக்கப்பட்டு அவர் கையில் விண்ணப்பப் படிவத்தையே கொடுத்துவிட்டார்.

இந்த வயதுக்காரர்தான் வருவார் என்று இல்லை. பள்ளியில் வாயே திறக்காத ஐந்து வயதுக் குழந்தை வரும். பரீட்சை என்றாலே வாந்தியெடுக்கும் பெண் வருவாள். கல்யாணமாகி எட்டே மாதத்தில் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்காரும் தம்பதி வருவார்கள். சிறு வயதில் தொலைந்துபோன தம்பியைப் பற்றி முதல் முறையாகப் பேசுவதற்கு எண்பது வயதில் படியேறி வந்தார் ஒரு பெரியவர். குழந்தைகளுக்காக வைத்திருக்கும் மரக்கட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே காத்திருப்பார். குழந்தை யாராவது கேட்டால் தர மாட்டார். நான்தான் சமாதானம் செய்து பாதியைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் பார்ப்பவர் ஒரே ஆள். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பார்த்தால் சாதாரணமாக இருப்பார். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நாளுக்கு நாலு தடவை தேடுவார். ஆனால் ஒரு குழந்தை போன வருடம் தன் பூனைக்கு என்ன பெயர் வைத்தது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். அவர் அறையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று வருகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதை அவர் எடுத்து நீட்ட மாட்டார். "நாம நீட்டினா அழுகையை நிறுத்துன்னு சொல்ற மாதிரி ஆயிடும். வேணுங்கிறப்ப அவங்களே எடுத்துக்குவாங்க" என்பார். இன்னொன்றும் உண்டு. குறித்த நேரத்துக்கு ஒருவர் வரவில்லையென்றால், அந்த ஒரு மணி நேரமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். போன் பார்க்க மாட்டார், புத்தகம் எடுக்க மாட்டார். அந்த நேரம் அவர்களுடையது, அதில் வேறு வேலை செய்யத் தனக்கு உரிமையில்லை என்பார். உலகத்தில் நான் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் இடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆரம்ப காலத்தில் கூப்பிட்டார்களாம். ஒரு நாள் ஒரு தலைமையாசிரியையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட, எதிர் நாற்காலியில் அவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்க்க, தலைமையாசிரியை அதோடு வரவே இல்லை. அன்று மாலையே மேடம் கத்தரிக்கோலும் கலர் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாராம். ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பட அட்டைகள் உண்டு. கிளி, குடை, பம்பரம், ரயில், ஆமை என்று எல்லாம் அவர் வரைந்தவை. அவர் வரைந்த யானைக்கும் எருமைக்கும் தும்பிக்கை ஒன்றுதான் வித்தியாசம். முதல் நாள் வருகிறவர் டப்பாவில் துழாவி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து இங்கே அதுதான் அவர் பெயர். வந்ததும் நான் "உங்க அட்டை?" என்பேன், அவர் சொல்வார். நேரம் வந்ததும், "கிளி, நீங்க உள்ள போகலாம்" என்பேன். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை. நாலு மணிக்குப் புதிதாக ஒருவர் வருகிறார் என்று மேடமே குறித்து வைத்திருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், வாசலில் என் மாமனார் நிற்கிறார்.

"பாப்பாவுக்கு என்ன மாமா?" என்று எழுந்தேவிட்டேன். என் மகளுக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன், வேறு எதற்கு அவர் இங்கே வரப்போகிறார்?

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு வரச் சொன்னாங்க" என்றார். மூச்சு வாங்கியது. "புதுசா வர்றவர் நான்தான்."

என் மாமனார் முப்பத்து நாலு வருடம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. அளந்துதான் பேசுவார். எங்கள் வீட்டில் அவர் குரல் கேட்டால் அது பெரும்பாலும் தண்ணீர் மோட்டாரை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். மரியாதையில் நான் குறை வைத்ததில்லை. ஆனால் மனதுக்குள் அவர்மேல் ஒரு கசப்பு இருந்தது. என் மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் தாத்தாவிடம்தான் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து நாலு வருடமாக ஒரு தடவைகூட அவளைத் தூக்கியதில்லை. பாப்பா கண்டவர்களிடமெல்லாம் கையை நீட்டித் தூக்கச் சொல்வாள், தாத்தாவிடம் மட்டும் நீட்ட மாட்டாள். குழந்தைக்கே தெரிந்துவிட்டது. பெண் பிள்ளை என்பதால்தானோ என்று நான் அழுததும் உண்டு, பாத்திரத்தை நங்கென்று வைத்ததும் உண்டு. எனக்கு மறதி வியாதி கிடையாது.

மேடம் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "இவங்க உங்க மருமகள்னு போன்ல நீங்க சொல்லலையே. சொந்தக்காரங்க வேலை பாக்குற இடத்துல நான் உங்களைப் பாக்குறது சரியா வராது. நல்ல ஆலோசகர் இன்னொருத்தர் இருக்காங்க, எழுதித் தரேன்" என்றார்.

மாமனார் தலையை ஆட்டினார். "வேணாம்மா. இவ இங்க ஒன்பது வருஷமா வேலை பாக்குறா. இன்னிக்கு ஒருத்தர் வந்தார்னு ஒரு பேச்சு எங்க வீட்டுல வந்ததில்ல. என் சம்சாரம் துருவித் துருவிக் கேட்டுப் பாத்துட்டா, ஒண்ணும் பேராதுன்னு விட்டுட்டா. அதனாலதான் இங்க வந்தேன். வேற எடத்துல யார் வாய் எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாலு வருடமாக நான் மனதுக்குள் திட்டித் தீர்த்த மனிதர் என்னை இப்படி எடை போட்டு வைத்திருக்கிறார். மேடம் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "உங்களால முடியுமா? முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல." முடியும் என்றேன். அவருடைய கோப்பு மேடத்தின் அலமாரியில், மேடத்தின் சாவியில் இருக்கும். நான் தொடக்கூடாது. வீட்டில் ஒன்றும் கேட்கக்கூடாது. மேசையில் எல்லோருக்கும் போல அவருக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு.

டப்பாவை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரயில் அட்டை கைக்கு வந்தது. அதை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நத்தையை எடுத்தார். விரைவு வண்டி ஓட்டியவருக்கு நத்தையா என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்படியாக வாரத்தில் ஆறு நாளும் இருபத்து மூன்று மணி நேரமும் அவர் எனக்கு மாமா. மீதி ஒரு மணி நேரம் நத்தை. மூன்றே முக்காலுக்கு வருவார். "உங்க அட்டை?" என்பேன். "நத்தை" என்பார். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்காருவார். "நத்தை, நீங்க உள்ள போகலாம்" என்பேன். ஆறரை மணிக்கு நான் வீட்டுக்குப் போனால் அதே மனிதர், "வந்துட்டியாம்மா, மோட்டார் போட்டிருக்கேன்" என்பார். நாங்கள் இருவரும் நடித்த நடிப்புக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

உள்ளே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சில நாள் முகம் கழுவியது போல வெளியே வருவார். சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட நாட்களில் எழுந்துபோய்ப் பிடித்துக்கொள்ள என் கால் துடிக்கும். தண்ணீர் ஜாடியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன். எல்லோருக்கும் அதைத்தான் செய்வேன்.

வீட்டில்தான் வம்பு வளர்ந்தது. புதன்கிழமையானால் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்கே போகிறார் என்று அத்தை கேட்க ஆரம்பித்தார். நடக்கப் போகிறேன் என்பார் மாமா. நடப்பதற்குத் தேய்த்த சட்டை எதற்கு? போதாக்குறைக்கு, தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது அவர் தோளில் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. துவைக்கப் போட்ட சட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார்.

"இது என்ன, சொல்லு."

"சுண்ணாம்பா இருக்கும் அத்தை. செவுத்துல சாஞ்சிருப்பாரு."

"இது பவுடர்டி. நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்கா தெரியாது? அறுபத்தெட்டு வயசுல இந்த மனுஷனுக்கு இது தேவையா?" என்று மூக்கை உறிஞ்சினார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன அத்தை தெரியும்" என்றேன். பொய் சொன்ன வாயை அடுப்பில் காட்டலாம் போல இருந்தது.

அத்தையின் கவலை அப்படியென்றால் என் கணவரின் கவலை வேறு. அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். ஊரார் கண்ணில் தூசு இருந்தாலும் கண்டுபிடிப்பார், வீட்டுக்குள் நடப்பது மட்டும் கடைசியில்தான் தெரியும். அவர் ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனவர், முகம் வெளிறி இறங்கி வந்தார்.

"அப்பா ஒரு பழைய தலையணையைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறாரு. தட்டிக் கொடுக்குறாரு. அதுகிட்ட ஏதோ பேசுறாரு" என்றார். "புத்தி தடுமாற ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மாத்திரையோ, ஆஸ்பத்திரியோ, என்னன்னு பாத்துடணும். நீ இப்படிப்பட்ட இடத்துலதானே வேலை பாக்குற, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

தோணவில்லை என்றேன். தலையணையின் அர்த்தம் எனக்கும் தெரியாது. ஆனால் அவர் புத்தி எங்கும் தடுமாறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தையின் பவுடரும் கணவரின் ஆஸ்பத்திரியும் ஒரே நொடியில் காணாமல் போகும். அந்த ஒரு வார்த்தை என்னுடையது இல்லை.

பதினாலு புதன்கிழமைகள் போயின. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் மண்ணைக் கவ்வினேன்.

அன்று காலை, அப்பாவிடம் தனியாகப் பேசிவிடுவது என்று என் கணவர் முடிவு செய்து படுக்கையறையில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா தரையில் படம் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா சுவரோர நாற்காலியில், இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படுக்கையறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து என் கணவர், "அப்பாவை வரச் சொல்லு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அறை வாசல், சுவரோர நாற்காலி, முழங்காலில் கை. ஒன்பது வருடத்துப் பழக்கம் என் நாக்கை முந்திக்கொண்டது.

"நத்தை, நீங்க உள்ள போகலாம்" என்றேன்.

பாப்பாதான் முதலில் சிரித்தாள். "தாத்தா நத்தையா?"

"யாரைப் பாத்து என்ன சொன்னே?" அத்தை மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "மெதுவா நடந்தா நத்தையா? வயசானா உங்களுக்கெல்லாம் புழு பூச்சியா தெரியுதா? இத்தனை நாளா மனசுல இருந்ததுதானே வாயில வருது?"

என் கணவர் வெளியே வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. "மன்னிப்புக் கேளு" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. சொல்லுங்களேன் மாமா என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். எனக்கு ரோஷம் உண்டு, வாயும் உண்டு. செய்யாத தப்புக்கு நான் யாரிடமும் தலை குனிந்ததில்லை. ஆனால் இது செய்த தப்புதான். அவர்கள் நினைத்த தப்பு இல்லை, அவ்வளவுதான்.

"வாய் தவறிடுச்சு மாமா. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"வாய் தவறுமா? எப்படித் தவறும்?" என்றார் அத்தை. "பேத்தியைத் தூக்கலைன்னு உனக்கு அவர்மேல ஆத்திரம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மரியாதை இல்லாத வீட்டுல எனக்குச் சோறு இறங்காது. புதன்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் கிளம்பிடுவேன்." மாமா எழுந்து, யாரையும் பார்க்காமல், மாடிப்படி ஏறிப் போய்விட்டார். டாக்டர் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மேடத்தின் எதிரில் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்றேன். "என் வாயை நம்பித்தான் மேடம் அவர் இங்க வந்தாரு. அந்த வாயே போட்டுக் கொடுத்துடுச்சு."

மேடம் எதிர் நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு, "வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல."

"திட்டு வாங்கினீங்க."

"வாங்கினேன்."

"அப்ப வார்த்தைதான் வெளிய போயிருக்கு. ரகசியம் போகல" என்றார். "நான் அவருக்குப் போன் பண்ண மாட்டேன். நீங்களும் வீட்டுல ஒண்ணும் பேச வேணாம். அவர் வந்தா பேசுவோம். வரலன்னா, அதுவும் அவர் முடிவுதான்." கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் தலையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் கையை ஒரு நொடி அழுத்திப் பிடித்தார். அந்தப் பிடியை வைத்துக்கொண்டுதான் நான் அடுத்த இரண்டு நாளை ஓட்டினேன்.

வீட்டில் அத்தை என்னோடு பேசவில்லை. கணவர் ஆமாம், இல்லை என்பதோடு சரி. மாமா மோட்டாரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அத்தையின் பை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து கூடத்தில் நின்றது.

புதன்கிழமை மூன்றே முக்கால் ஆனது. அவர் வரவில்லை. நாலு ஆனது. மேடம் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது போலவே இருந்தார். நாலு பத்து. நாலு இருபது. பதினாலு வாரம் இந்த மனிதர் மூச்சு வாங்க ஏறி வந்ததெல்லாம் என் ஒரு வார்த்தையால் பாழாகிவிட்டது என்று நினைத்தேன். நாளை அவரை எந்த டாக்டரிடம் இழுத்துப் போவார்களோ, என்ன மாத்திரை கொடுத்து உட்கார வைப்பார்களோ. மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவது போல அழுதேன்.

நாலு இருபத்தைந்துக்குப் படியில் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வரும் சத்தம். அது அவர் நடை இல்லை. யாரோ முழங்கால் வலிக்காரர் ஏறி வருகிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தார். வேர்த்துக் கொட்டியது. எங்கே கூட்டிவந்திருக்கிறார் என்று புரியாமல் சுற்றிப் பார்த்தவர், மேசைக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். மூடினார்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்க அத்தை என்று சொல்லலாமா? இவர் இங்கே வருகிறவர் என்று காட்டிக்கொள்ளலாமா? தெரியாதபோது நம் வேலையைச் செய்வதுதான் ஒரே வழி. நோட்டைத் திறந்தேன். மாமாவை நேராகப் பார்த்தேன்.

"உங்க அட்டை?"

மாமா தொண்டையைச் செருமினார். அத்தையின் கையை விடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார்.

"நத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அவர் கண்ணுக்குள் ஓடி முடிவதை நான் பார்த்தேன். கூடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு நான் நின்ற நிற்பும் அதில் இருந்திருக்க வேண்டும்.

"நத்தை, நீங்க உள்ள போகலாம்" என்றேன். "கூட வந்தவங்களும் போகலாம், நீங்க விரும்பினா."

"விரும்புறேன்" என்றார்.

அவர்கள் வெளியே வர ஆறு மணியாகிவிட்டது. ஐந்து மணிக்கு வந்த பம்பரம் என்ற கல்லூரிப் பெண், "பரவால்லக்கா, நான் இருக்கேன்" என்று பெரியவரின் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அத்தை நேரே என் மேசைக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. என் கன்னத்தைத் தொட்டு, "வீட்டுக்குச் சீக்கிரம் வா" என்றார்.

வீட்டில், விளக்குப் போடுகிற நேரத்தில், மாமாவே எங்களை உட்கார வைத்துச் சொன்னார். என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எனக்காகத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது.

"உனக்கு அப்போ பத்து வயசு. ஒரு வளைவுல வண்டி திரும்புது, தண்டவாளத்துல ஒரு குழந்தை. நாலு வயசு இருக்கும். பிரேக் போட்டா உடனே நிக்கிற பொருளா அது? இறங்கி ஓடினேன். உசிரு இருந்தது. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, ஆளிருக்கிற ரயில்வே கேட்டைப் பாத்து ஓடினேன். என் கழுத்தைப் பிடிச்சுக்கிச்சு. நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. கேட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கை விட்டுடுச்சு."

அத்தைதான், "அன்னிக்கு வேற யாரோட சட்டையோ போட்டுக்கிட்டு வந்தீங்க. டீ கொட்டிடுச்சுன்னு சொன்னீங்க. நான் நம்பினேன்" என்றார்.

"நீங்கல்லாம் வளந்துட்டதால அப்புறம் யாரையும் தூக்க வேண்டியது வரல. யாருக்கும் தெரியல" என்றார் மாமா. "பாப்பா பொறந்ததும் கை தானா பின்னால போயிடுச்சு. அவளுக்கு நாலு வயசானதும் உக்கார முடியல, படுக்க முடியல. அவ கழுத்தைப் பிடிப்பான்னு நினைச்சாலே மூச்சு முட்டுது. இதைச் சரி பண்ண முடியுமான்னு கேக்கத்தான் போனேன். மேடம், மெதுவாப் பழகலாம்னாங்க. முதல்ல ரெண்டு கிலோ. அப்புறம் அஞ்சு. தலையணை உறையில மாவைக் கட்டி, தோள்ல போட்டு நடக்கணும். பயம் இறங்குற வரைக்கும் கீழ வைக்கக்கூடாது."

"மாவா?" என்றார் அத்தை. டப்பாவில் மாவு சீக்கிரம் தீர்கிறது என்று மூன்று மாதமாக என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். தோளில் இருந்த பவுடரும் அதுதான். அவர் கொஞ்ச நேரம் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அழுகிறாரா, வெட்கப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப பதினாறு கிலோவுக்கு வந்திருக்கேன்" என்றார் மாமா.

பதினாறு. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பாப்பாவின் எடை எழுதும் அட்டை ஒட்டியிருக்கும். மாதா மாதம் நான் எழுதி வைப்பேன். மாமா அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன், அட்டையைப் பார்க்கத் தெரிகிறது, குழந்தையைப் பார்க்கத் தெரியவில்லை என்று. கடைசி வரியில் பதினாறு என்று இருந்தது.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். இந்த மனிதரைத்தான் கல் நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். அறுபத்தெட்டு வயதில், யாரிடமும் சொல்லாமல், மூன்று மாடி ஏறிப்போய்த் தன் பயத்தின் எதிரில் வாரா வாரம் உட்கார்ந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தினமும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கதவைத் திறந்துவிடுகிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் ஐந்து புதன்கிழமைகள் ஆயின. ஆறாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பா மாடிக்குப் போனாள். தாத்தா மூட்டை தூக்குவதை வேடிக்கை பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அத்தையும் முழங்காலைத் திட்டிக்கொண்டே பின்னால் ஏறிப் போனார். நான் வாசலில் செருப்புகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன்.

படியில் சத்தம் கேட்டது. மாமா இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக, சுவரை ஒட்டி, உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தார். தோளில் பாப்பா இருந்தாள். இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நத்தைத் தாத்தா, இன்னும் மெதுவா" என்றாள். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கை மட்டும் நடுங்கவில்லை. பின்னால் அத்தை, இரண்டு கைகளையும் விரித்தபடி, எந்த நேரமும் பிடிக்கத் தயாராக, மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"பாத்துட்டு நிக்கிறியே" என்று என்னைத்தான் அதட்டினார். "மாவை மேலேயே போட்டுட்டு வந்துட்டாரு. எறும்பு வந்துடும். போய் எடுத்துட்டு வா."

மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பழைய தலையணை கிடந்தது. குனிந்து தூக்கினேன். நல்ல கனம். எனக்குத் தெரிந்த கனம்தான், தினமும் நான் தூக்குகிற கனம். இடுப்பில் வைக்கப் போனவள், அவர் வைத்ததுபோலவே தோளில் சாய்த்துக்கொண்டேன். இரண்டு தட்டுத் தட்டினேன். என் சட்டையெல்லாம் மாவானது. கீழே பாப்பா சிரிக்கும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றுவிட்டு, மெதுவாகப் படியிறங்கினேன்.